வரலாறும் கணிதமும் சேர்த்துப் படிக்க ஆசைப்படும் மகளை லிபரல் ஆர்ட்ஸ் படிப்பில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஒரு நிபந்தனையோடு. அது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள், பொறியியல் வேண்டாம் என்கிறாள், வரலாறும் கணிதமும் சேர்ந்தே வேண்டும் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதிலும் நிலைக்காமல் போய்விடுவாளோ, வேலை கிடைக்காதோ என்பது உங்கள் பயம். நான் லிபரல் ஆர்ட்ஸ், அதாவது பல துறைப் பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் படிப்பு, நடத்தும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தை மேஜராகவும் (முதன்மைப் பாடம்) வரலாற்றை மைனராகவும் (இரண்டாம் பாடம்) எடுத்துப் படித்தவன். ஊர் பொன்னேரிப் பக்கம். உங்கள் இரண்டு பயங்களில் முதலாவதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

பல துறைகளைத் தொட்டுப் படிக்கும் ஏற்பாடு நம் கலை அறிவியல் கல்லூரிகளிலும் காகிதத்தில் இருக்கத்தான் செய்கிறது. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் அதன் துணைப் பாடமும், பகுதி 4 வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம். ஆனால் அந்த விருப்பப் பாடத்தை விரும்புகிறவர் பெரும்பாலும் துறைத் தலைவர்தான். கால அட்டவணைக்கு எது ஒத்துவருகிறதோ, அதில் வகுப்பு மொத்தமும் போய் உட்காரும். லிபரல் ஆர்ட்ஸ் படிப்பில் மாணவி துறையில் சேர்வதில்லை, பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள். முதல் ஆண்டு எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள் இருக்கும். சோனிபத்தில் 2014இல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க வந்தவரும் இந்திய நாகரிகங்கள் பற்றி ஒரு பாடம் எடுத்தாக வேண்டும். மேஜர் எது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். பெங்களூரின் அசிம் பிரேம்ஜி, புனேயின் ஃபிளேம், ஸ்ரீசிட்டியின் கிரியா ஆகியவற்றில் விவரங்கள் மாறும், அடிப்படை ஏறக்குறைய இதுதான்.

இப்போது நிபந்தனை: முதல் செமஸ்டரிலிருந்தே அவள் கணிதத்தை விடாமல் எடுக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். ‘எதை வேண்டுமானாலும் படிக்கலாம்’ என்று விளம்பரக் கையேட்டில் போட்டிருப்பதை முழுதாக நம்பாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்குக் கீழேயும் சின்ன எழுத்தில் முன்தேவை என்று ஒரு வரி இருக்கும். அதாவது, இன்ன பாடத்தை முடித்தால்தான் இதில் உட்கார முடியும். நுண்கணிதம் (கால்குலஸ்) இல்லாமல் நுண்பொருளியல் (மைக்ரோ எகனாமிக்ஸ்) இல்லை, புள்ளியியல் இல்லாமல் பொருளாதார அளவியல் (எகனாமெட்ரிக்ஸ்) இல்லை. என்னோடு படித்த ஒருவன் முதல் ஆண்டு முழுவதும் திரைப்படக் கலை, தத்துவம், உளவியல் என்று ஆசை தீர எடுத்தான். நல்ல பாடங்கள்தாம், குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் ஆண்டில் அவனுக்குப் பொருளாதாரத்தின்மேல் ஆசை வந்தது. அப்போது நுண்கணிதத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது, படிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்ததால் செமஸ்டர்கள் போதவில்லை. இந்தப் படிப்பில் சுதந்திரம் மிகுதியாக இருப்பதும் முதல் ஆண்டில்தான், தெரியாமல் செலவாகிவிடுவதும் முதல் ஆண்டில்தான்.

உங்கள் மகளின் விஷயத்தில் இது நேராகப் பொருந்துகிறது. கணிதம் படிகள் உள்ள பாடம். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) என்று வரிசையாகப் போக வேண்டும், நடுவில் தாவ முடியாது. வரலாற்றில் மூன்றாம் ஆண்டில்கூட ஒரு நல்ல பாடத்துக்குள் நுழைந்துவிடலாம், வாசிப்புதான் மலைபோல் இருக்கும். ஆகவே முதல் செமஸ்டரிலிருந்தே கணிதத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், வரலாற்றை அடிப்படைப் பாடங்களின் வழியே உள்ளே கொண்டுவரட்டும். பிறகு எது மேஜர், எது மைனர் என்பதை அவளே முடிவு செய்யலாம். இரண்டும் எங்கே சந்திக்கும் என்று உறவினர்கள் கேட்பார்கள். ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவும் பேராசிரியர் சுப்பராயலுவும் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையும் பட்டங்களையும் தொகுத்து, எண்ணி, புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதைக் கல்வெட்டை எண்ணிப் பார்த்தும் சொல்ல முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

என் அனுபவத்தில் இந்தப் படிப்பின் உண்மையான பலன் கடைசி ஆண்டில்தான் தெரிந்தது. ஆய்வேட்டுக்குப் பழவேற்காட்டை எடுத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்துவிடலாம் என்பதும் ஒரு காரணம். அங்கே ஏரியில் வலை கட்டும் இடங்களை மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். பொதுச் சொத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் வாதிட்டார். ஊர்மக்களே விதி வகுத்துக் காப்பாற்றிக்கொள்ளவும் முடியும் என்று பல நாட்டு உதாரணங்களோடு நிறுவிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் படித்தது அரசியல் அறிவியல் என்பது எனக்கு அப்போது பெரிய ஆறுதல். பாடு முறையை இந்தக் கோட்பாட்டுக்குள் அடக்கிவிடலாம் என்றுதான் போனேன். அடங்கவில்லை. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது, ஏரியின் உப்பு மாறும், இறால் வரத்து குறையும். அது சூழலியல். பாடு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று கேட்டால் சாதி வந்து நிற்கும். அது சமூகவியல். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டித் துணி வாணிகம் நடத்திய ஊர் அது என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. அது வரலாறு. கரையில் ஒரு பெரியவர், “தம்பி, நீ மீன்வளத் துறையா, வனத் துறையா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை என்ற பிறகுதான் வாய் திறந்தார்.

எனக்கு வழிகாட்டிகள் இருவர், ஒருவர் பொருளாதாரம், மற்றவர் சூழலியல். வரைவைத் திருப்பித் தந்தபோது ஒரே பத்தியின் ஓரத்தில் பொருளாதாரக்காரர், “எத்தனை குடும்பங்கள்?” என்று எழுதியிருந்தார், சூழலியல்காரர், “எந்தப் பருவத்தில்?” என்று எழுதியிருந்தார். இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை, மறுபடி பஸ் ஏறினேன். ஒரே துறையில் படித்திருந்தால் அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

பணம் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய தனியார் பல்கலைக்கழகங்களில் விடுதியையும் சேர்த்து ஆண்டுக்குப் பல லட்சம் ஆகும். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கும் உதவித்தொகை பல இடங்களில் உண்டு. அசிம் பிரேம்ஜியில் முழுக் கட்டண விலக்குகூட இருக்கிறது. உதவி கிடைக்காவிட்டால் கடன் வாங்கிச் சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கடன் தவணை தொடங்கிவிட்டால் பிடித்த வேலையைத் தேடும் அவகாசம் போய்விடும், அந்த அவகாசத்துக்காகத்தானே இந்தப் படிப்பே. இன்னொன்று, வாரந்தோறும் ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டியிருக்கும். தமிழ்வழியில் படித்தவர்கள் முதல் ஆண்டில் திணறுவார்கள். எழுத்துப் பயிற்சிக்கென்று தனி மையம் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

வேலை கிடைக்கிறது. பொறியியல் கல்லூரிபோல ஒரே நிறுவனம் வந்து நூறு பேரை அள்ளிக்கொண்டு போகாது. ஆலோசனை நிறுவனங்கள், கொள்கை ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு, பத்திரிகை, தொண்டு நிறுவனங்கள் என்று என்னோடு படித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள், மேற்படிப்புக்குப் போனவர்களும் கணிசம். குடிமைப் பணித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகளின் பொதுவான பதவிகளுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆசிரியர் வேலையில்தான் சிக்கல். தமிழ்நாட்டு அரசுப் பணியில் பட்டத்தின் பெயர் கேட்கப்பட்ட பாடத்தோடு ஒத்துப்போகாவிட்டால் இணைத்தன்மை அரசாணை, அதாவது அந்தப் பட்டமும் கேட்கப்பட்ட பட்டமும் சமம் என்று சொல்லும் அரசாணை, இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சான்றிதழில் கணிதம் என்று இருக்குமா, வெறுமனே லிபரல் ஆர்ட்ஸ் என்று இருக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாண்டா நான்காண்டா என்பதும் கேட்க வேண்டியதே. 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுத்த வரைமுறையில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு), நான்காண்டு ஆனர்ஸுக்கு 160.

உதவித்தொகை அமையவில்லை என்றால் வேறு வழியும் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022 ஏப்ரலில் யுஜிசி அனுமதி தந்தது. அருகிலுள்ள நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு படிக்கலாம், செலவு மிகவும் குறைவு. பல துறை மாணவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போடும் சுகம் அதில் கிடைக்காது, பாடம் கிடைக்கும். இக்னோவில் ஜூலை, ஜனவரி என்று ஆண்டுக்கு இரண்டு சேர்க்கைகள் உண்டு. கணிதக் கல்லூரியில் முதல் செமஸ்டர் பழகிய பிறகு ஜனவரியில் வரலாற்றுக்கு விண்ணப்பிப்பது அவளுக்கு வசதியாக இருக்கும்.