குபாவில் பழைய கல் எங்கே?

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்வந்தோம். மதீனாவில் புனித இடங்களைச் சுற்றிக்காட்டும் ஜியாரத் பஸ்ஸில் குபா பள்ளிக்கும் கூட்டிப்போனார்கள். இஸ்லாத்தின் முதல் பள்ளிவாசல் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். போய்ப் பார்த்தால் எல்லாம் புத்தம் புதிதாக இருக்கிறது. ஒரு பழைய கல்லைக்கூடக் காணோம். இரண்டு ரக்அத் தொழுது முடிப்பதற்குள் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மனசு நிறையவில்லை. என் எதிர்பார்ப்புதான் தவறா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தவறே இல்லை. முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. நீங்கள் பார்த்த வெள்ளைக் கட்டடம் 1986இல் முடிந்தது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் அப்துல் வாஹித் அல்வகீல் வடிவமைத்தார். பழைய பள்ளியை இடித்துவிட்டுத்தான் கட்டினார்கள். ஒரு சுவரையாவது விட்டுவைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் இடிபட்ட அந்தப் பள்ளியும் துருக்கியரான உஸ்மானியர் ஆட்சிக் காலத்தில் புதுப்பித்துக் கட்டியதுதான். 622இல் மக்காவைவிட்டு ஹிஜ்ரத் வந்த நபிகள் நாயகம் (ஸல்) மதீனா ஊருக்குள் போகுமுன் குபாவில் பனூ அம்ர் இப்னு அவ்ஃப் குலத்தாரிடம் சில நாட்கள் தங்கினார்கள். அப்போது எழுந்த எளிய பள்ளியைக் கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்திலேயே பெரிதாக்கிவிட்டார்கள். மதீனாவின் ஆளுநராக இருந்தபோது உமர் இப்னு அப்துல் அஸீஸ் மினாரா சேர்த்தார். ஆக, எந்தக் காலத்தில் போயிருந்தாலும் அந்த முதல் சுவரை நீங்கள் தொட்டிருக்க முடியாது.

மாறாமல் இருப்பது வேறொன்று. நபியவர்கள் சனிக்கிழமைதோறும் நடந்தோ வாகனத்திலோ குபாவுக்கு வந்து தொழுவார்கள் என்று புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அதை அறிவித்த அப்துல்லாஹ் இப்னு உமரும் (ரலி) அப்படியே செய்துவந்தார். வீட்டிலேயே ஒளூ செய்துகொண்டு (தொழுகைக்காக முகம், கை, கால் கழுவிக்கொண்டு) குபாவுக்கு வந்து தொழுதால் ஒரு உம்ராவின் நன்மை என்ற ஹதீஸும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூய்மையை விரும்பும் மனிதர்கள் இருக்கும் பள்ளி என்று குர்ஆன் (9:108) சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒளூவோடு வீட்டு வாசலைத் தாண்டும்போதே குபா தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பஸ்ஸில் போய் இறங்கியபோது உங்களுக்கு ஏதோ விட்டுப்போனது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் முறை நான் நடந்துதான் போனேன். மதீனாவின் நபி பள்ளியான மஸ்ஜிதுந் நபவியில் அதிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடப்பவர்களுக்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு முதியவர் போய்க்கொண்டிருந்தார். எந்த ஊரோ, எந்த மொழியோ. நாலு எட்டு வைப்பார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மறுபடி நடப்பார். சக்கர நாற்காலியோடு வந்த பையன் ஒருவன் உட்காரச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்துவிட்டார். பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலைப் பளிங்குத் தரையில் வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். என் பழைய குறை அந்த இடத்தில் போய்விட்டது.

அடுத்த முறை மதீனாவில் ஒரு சனிக்கிழமை இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். ஜியாரத் பஸ் போகட்டும். அறையிலேயே ஒளூ செய்துகொண்டு, வெயில் ஏறுமுன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்து போய் வாருங்கள். போய்வந்ததும் எனக்கு எழுதுங்கள்.