48 மாத லீஸ், கீழக்கரை ஓட்டம்: டர்போ பெட்ரோலா, டீசலா?

கேள்வி: குடியிருப்பது கீழக்கரை, வேலை ராமநாதபுரத்தில். தினமும் போக வர 35 கி.மீ. மாதம் இரண்டு முறை மதுரை, ஒரு முறை குடும்பத்தோடு ராமேஸ்வரம். கம்பெனியில் 48 மாத லீஸில் கார் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஹேட்ச்பேக் போதும், ஆனால் மிதித்தால் பாய வேண்டும். "நிறைய ஓட்டினா டீசல்தான்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு டர்போ பெட்ரோல். ஆனால் எரிபொருளையும் லீஸ் வாடகையையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். முடிவைத் தீர்மானிப்பவை வேறு விஷயங்கள்.

நண்பர்கள் சொல்வது போலோ ஜிடி டிடிஐ-யும் ஃபிகோ டீசலும் ஓடிய காலத்து நியாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. போலோவின் டீசல் இன்ஜினும் அதோடு போனது. 2023-இல் அடுத்த கட்ட விதி வந்தபோது ஐ20 டீசலும் நின்றது. இன்று புதிதாகக் கிடைக்கும் டீசல் ஹேட்ச்பேக் என்றால் டாடா ஆல்ட்ராஸ் ஒன்றுதான்: 1.5 லிட்டர், 90 பிஎஸ் சக்தி, 200 என்எம் இழுவை, 5 கியர் மேனுவல். பெட்ரோல் பக்கம் உங்கள் ஆசைக்குப் பொருத்தமானது ஹூண்டாய் ஐ20 என் லைன்: 1 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 172 என்எம், 6 கியர் மேனுவல் அல்லது 7 கியர் டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். ஆக, எந்த எரிபொருள் என்ற கேள்வியே எந்த வண்டி என்ற கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

இனி கணக்கு. வேலை நாள் 22 என்று வைத்தால் அலுவலக ஓட்டம் 770 கி.மீ. மதுரைக்கு ஒரு தடவை போய்வர 270 என்றால் இரண்டு தடவைக்கு 540. ராமேஸ்வரம் 145. மொத்தம் மாதம் 1,455 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று கொள்வோம். நீங்கள் மிதித்து ஓட்டும் ஆள் என்பதால், டர்போ பெட்ரோலுக்கு லிட்டருக்கு 14 கி.மீ., டீசலுக்கு 19 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். கிலோமீட்டருக்கு பெட்ரோலில் 7 ரூபாய் 30 காசு, டீசலில் 4 ரூபாய் 90 காசு ஆகும். வித்தியாசம் 2 ரூபாய் 40 காசு. உங்கள் ஓட்டத்தில் மாதம் சுமார் 3,490 ரூபாய் மிச்சம்.

இந்த மிச்சத்தை லீஸ் வாடகை எப்படி விழுங்குகிறது என்று பாருங்கள். சொந்தமாக வாங்கினால் டீசல் வண்டியின் மறுவிற்பனை பற்றிய பயம் உங்களுடையது. லீஸில் அந்தப் பயம் வண்டியின் உரிமையாளரான லீஸ் நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. அவர்கள் சும்மா இருப்பார்களா? 48 மாதம் கழித்து வண்டி என்ன விலைக்குப் போகும் என்று குறைத்து மதிப்பிட்டு, அந்தக் குறைவை மாத வாடகையில் ஏற்றிவிடுவார்கள். டீசலின் கூடுதல் விலையும் அதோடு சேரும். இப்படி டீசலுக்கு மாதம் 3,000 ரூபாய் கூடுதல் கேட்கிறார்கள் என்று வையுங்கள். சிறிய கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். லீஸ் வாடகைக்கும் அதே விகிதம். இரண்டு வண்டியும் சிறிய கார் வரம்புக்குள் வருவதால் விகிதத்தில் பேதமில்லை. ஆனால் கூடுதலாகக் கேட்கும் 3,000-க்கும் வரி உண்டு. அது 3,540 ஆகிவிடும். மிச்சம் 3,490, செலவு 3,540. கை மாறியதுதான் பலன்.

மதுரை மாதம் நான்கு தடவை என்றால் கதை வேறு. ஓட்டம் 1,995 கி.மீ. ஆகிறது, மிச்சம் 4,800-ஐ ஒட்டி வருகிறது, டீசலில் மாதம் 1,250 ரூபாய் கையில் நிற்கும். அப்போது டீசல் எடுங்கள் என்றுதான் சொல்வோம். பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. டர்போ பெட்ரோல் மிதித்தால் குடித்துத் தீர்க்கும், நிதானமாக ஓட்டினால் நன்றாகவே அடங்கும். டீசல் இரண்டு விதத்திலும் அதிகம் மாறாது. நீங்கள் நிதானித்து பெட்ரோலில் 17, டீசலில் 21 எடுத்தால் வித்தியாசம் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 57 காசாகச் சுருங்கிவிடும். பிறகு மாதம் 2,250 கி.மீ. ஓட்டினால்தான் டீசலுக்குக் கட்டுப்படி. எனவே இரண்டு வண்டிக்கும் ஒரே காலம், ஒரே கிலோமீட்டர் வரம்பு, ஒரே பராமரிப்புத் திட்டம் போட்டு எழுத்தில் வாடகை வாங்குங்கள். எங்கள் 3,000 இருக்கும் இடத்தில் உங்கள் தொகையைப் போட்டால் பதில் தானே வரும்.

பணத்தைத் தாண்டி டீசலில் கவனிக்க வேண்டியது டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டி தானாகவே அந்தக் கரியை 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் எரித்துத் தீர்க்கும். அதற்கு 15, 20 நிமிடம் ஒரே சீரான வேகம் வேண்டும். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அது கிடைக்கும். அலுவலக ஓட்டத்தால் டிபிஎஃப் அடைக்காது. சனி ஞாயிறுகளில் கீழக்கரைத் தெருக்களுக்குள் இரண்டு கி.மீ. போய் நிறுத்துவது, இன்ஜின் சூடேறுவதற்குள் அணைப்பது, இதுதான் கெடுக்கும். எரிப்பு பாதியில் நின்றால் அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் அதுதான் காரணம். ஆயில் கூடியிருக்கிறது என்று மகிழக்கூடாது, உடனே மாற்ற வேண்டும். ஐடில் வேகம் சற்று ஏறியிருப்பது, வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் வேகமாகச் சுற்றுவது, கருகல் வாடை ஆகியவை எரிப்பு நடப்பதற்கான அடையாளம். அப்போது அணைக்காமல் இன்னொரு பத்து கி.மீ. ஓட்டிவிடுங்கள். டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் 60-க்கு மேல் ஒரே வேகத்தில், 2,000 ஆர்பிஎம் குறையாத கியரில் ஓட்டினால் பெரும்பாலும் அணையும். அதையும் அலட்சியம் செய்தால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும், பிறகு சர்வீஸ் சென்டர்தான்.

இன்னொன்று, இந்தக் கரைக்கே உரியது. மீன்பிடிப் படகுகளுக்கு வரிவிலக்கில் வழங்கப்படும் டீசலை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் தொடாதீர்கள். சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். கேனில் கிடந்து தண்ணீர் கலந்த டீசல் இன்றைய இன்ஜெக்டர்களைக் கெடுத்துவிடும். அது பராமரிப்புத் திட்டத்திலும் வராது.

பெட்ரோல் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் எரிசக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். மேலே போட்ட 14-இல் அதையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். வேகமாக ஓடி வந்து நிறுத்தினால் அரை நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது டர்போவுக்கு நல்லது. விலை கூடிய பவர் பெட்ரோல் தேவையில்லை, கையேட்டில் கேட்டிருந்தால் தவிர.

பாய்ச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். ஆல்ட்ராஸ் டீசலின் முழு இழுவை 1,250-இலிருந்து 3,000 ஆர்பிஎம் வரை. லாரிக்குப் பின்னால் 50-இல் போய்க்கொண்டிருக்கும்போது கியர் மாற்றாமலே முந்தலாம். சாயல்குடி போகும் ரோட்டில் இது சுகம். ஆனால் 4,000-ஐ எட்டியதும் மூச்சு முட்டிவிடும். என் லைன் 6,000 வரை இழுத்துக்கொண்டே போகும். மதுரைச் சாலை பரமக்குடிக்கு இப்பால் இருவழிதான். அங்கே எதிரே பஸ் வருவதற்குள் முந்தி முடிக்க 120 பிஎஸ் கைகொடுக்கும். டெஸ்ட் டிரைவில் ஏசி போட்டு, நான்கு பேரை ஏற்றி, மூன்றாவது கியரில் 50-இலிருந்து 80 வரை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றினால் எதுவும் தெரியாது.

டிசிடி எடுப்பதானால் ஒரு எச்சரிக்கை. அது உலர் கிளட்ச், ஆயிலில் மூழ்கிக் குளிராத வகை. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் சூடேறும். முன் வண்டிக்கு இடைவெளி விட்டு, மொத்தமாக நகர்ந்து, பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள். உங்களுக்கு நாங்கள் சொல்வது மேனுவல்.

எந்த எரிபொருளானாலும் இந்தக் கடற்கரையில் வண்டியைத் தின்பது உப்பு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது; அந்த அளவுக்கு உப்புக்காற்று. தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய் வந்த அன்றே அடிப்பாகத்தையும் சக்கரக் குழிகளையும் கழுவ வேண்டும். எந்தத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி. நம் பக்கம் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர். அதில் கழுவினால் உப்பை அப்பிவிட்டு வருகிறோம் என்றுதான் அர்த்தம். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் நாலு குடம் போதும், கைப்பம்பில் மெதுவாக அடிக்கலாம். ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், இன்டர்கூலர் தகடுகளில் அதிக அழுத்தத்தில் அடித்தால் மடங்கிவிடும். கழுவியதும் ஐந்து கி.மீ. ஓட்டிக் காயவிடுங்கள், பிரேக் டிஸ்க்கில் படியும் துருவும் போய்விடும். ஈர வண்டிக்குக் கவர் போடாதீர்கள், உப்பும் மணலும் உள்ளேயே நின்று பெயின்ட்டைத் தேய்க்கும். ஏர் ஃபில்டரை 5,000 கி.மீ.-க்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டைமண்ட் கட் அலாய் வீல் இருந்தால் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அதன் வழியாக உப்பு இறங்கி, பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்தது போல் பரவும்.

இந்தத் துருதான் லீஸ் முடிவில் தகராறு ஆகும். வண்டி கைக்கு வந்த அன்றே லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம், சைலன்சர், நான்கு வீல்களைத் தேதி தெரியப் படம் எடுத்து லீஸ் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். எது இயல்பான தேய்மானம், எது உங்கள் தலையில் கட்டப்படும் சேதம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். மேலோட்டமான துரு எதில் சேரும் என்று கேளுங்கள். அன்டிரஸ்ட் கோட்டிங் அடிக்க அவர்களின் எழுத்துப்பூர்வமான அனுமதி தேவை. அடிக்கும்போது கதவுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடக்கூடாது. இன்ஜின் ரீமேப் (மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது), பெரிய சைலன்சர் போன்ற ஆசைகளை மறந்துவிடுங்கள். வண்டி உங்களுடையது அல்ல, வாரன்டியும் போகும்.

கிலோமீட்டர் வரம்பு வருடம் 18,000 கேளுங்கள். உங்கள் ஓட்டம் 17,460. 15,000-க்குக் கையெழுத்திட்டால் நான்கு வருடத்தில் ஏறக்குறைய 10,000 கி.மீ. கூடிவிடும், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கடைசியில் மொத்தமாக வாங்குவார்கள். குறைவாக ஓட்டினால் பொதுவாகத் திருப்பித் தரமாட்டார்கள். டயர் வாடகையில் சேருமா, எத்தனை செட் என்றும் கேளுங்கள். என் லைனுக்கு 195/55 ஆர்16, மிதித்து ஓட்டுபவர்களுக்கு முன் டயர் இரண்டும் சீக்கிரம் தேயும். பதிவு தமிழ்நாட்டில்தான் செய்யப்படும் என்று எழுதி வாங்குங்கள். வேறு மாநில எண்ணோடு வண்டி வந்து 12 மாதத்துக்கு மேல் இங்கே நின்றால் மறுபதிவு, வரி என்று அலைச்சல் உங்களுக்குத்தான். 48 மாதத்துக்கு முன்பே வேலை மாறினால் லீஸை முடித்துக்கொள்ள எத்தனை மாத வாடகை கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள்.