“பால் பல்தானே, விழுந்து முளைச்சிடும்!”

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். பால் போத்தல் வாயில் இருந்தால்தான் தூங்குவாள். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. “பால் பல்தானே, விழுந்து முளைச்சிடும்” என்கிறார் மாமியார். அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. ஆனால் கடைவாய்ப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. அதுவரை வலியோடு பிள்ளை எப்படிச் சாப்பிடுவாள்?

நல்ல வெளிச்சத்தில் அவளை மடியில் படுக்கவைத்து மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். துடைத்த பிறகும் அந்தக் கோடு சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலாக இருந்தால், அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். இந்தக் கட்டத்தில் பற்பசையில் இருக்கும் ஃபுளோரைடு என்ற தாது கிடைத்தால் பல் திரும்பக் கெட்டிப்படும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் தானாக ஆறாது. அதனால் இந்த மாதமே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முதல் பிறந்தநாளுக்குள்ளேயே காட்டியிருக்க வேண்டும் என்பார்கள், அது போகட்டும்.

வினை அந்தப் போத்தலில்தான். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும். வாயில் தேங்கும் பால் கழுவப்படாமல் கிடக்கும், கிருமிகள் அதன் சர்க்கரையை அமிலமாக்கும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றும். மேல் முன்பல் மாட்டிக்கொள்ளும்.

போத்தலை ஒரே இரவில் பிடுங்கினால் வீடே விழித்திருக்கும். இரண்டு வாரமாகப் பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், கடைசியில் வெறும் தண்ணீர். மதியத் தூக்கத்துக்கும் இதேதான். பாலைப் படுக்கைக்கு முன் கோப்பையில் கொடுத்து, அப்புறம் பல் துலக்குங்கள். நம் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் 1950களிலிருந்தே ஃபுளோரைடு சேர்க்கிறார்கள், அதையே குடிக்கக் கொடுக்கலாம்.

ஃபுளோரைடு உள்ள பற்பசை ஓர் அரிசி அளவு போதும்; மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிதுக்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்! காலையும் இரவும் நீங்களே துலக்கிவிடுங்கள். ஏழெட்டு வயது வரை பிள்ளைக்குக் கை வராது. பகலில் மைலோவும் பழச்சாறும் சாப்பாட்டு வேளையோடு நிற்கட்டும். மணிக்கொரு மடக்கு உறிஞ்சுவதுதான் கெடுதல்.

மாமியாரோடு வாக்குவாதம் வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். மதியப் போத்தல் அவர் கையில்தானே இருக்கிறது.