வாசலில் வாங்கிய ஜைத்தூன் (ஆலிவ்) எண்ணெய் அசல்தானா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். 'துபாய் சரக்கு' என்று வீட்டு வாசலில் வந்து விற்றவரிடம் 5 லிட்டர் ஜைத்தூன் எண்ணெய் டின் வாங்கினேன். ஃப்ரிட்ஜில் வைத்தால் உறைகிறது. 'ஆசிட் 0.3' என்று லேப் ரிப்போர்ட்டும் தந்தார். நம்பலாமா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள், சகோதரி. ஃப்ரிட்ஜில் பாமாயிலும்தான் உறையும். 'ஆசிட்' என்பது எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பது. எக்ஸ்ட்ரா வெர்ஜினில், அதாவது ரீஃபைண்ட் செய்யாமல் பிழிந்தெடுத்த முதல்தர எண்ணெயில், 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரீஃபைண்ட் எண்ணெயில் அது இயல்பாகவே குறைவு. அதைக் கலக்கக் கலக்க எண் இன்னும் அழகாக வரும்! தொண்டி முதல் ஏர்வாடி வரை இந்தக் காகிதத்தைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது 'கொழுப்பு அமிலக் கலவை' பரிசோதனை. எண்ணெயைப் பக்குவப்படுத்தி, கலவையைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபி கருவியில் செலுத்தினால் ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் வரைபடத்தில் தனித்தனி முகடாக வரும். முதலில் லினோலெனிக் என்ற அமிலத்தைப் பாருங்கள். ஜைத்தூனில் 1 சதவீதத்துக்குள் இருக்கும். 5 லிட்டரில் ஒரு லிட்டர் சோயா கலந்தாலே 2-ஐ நெருங்கிவிடும்.

சூரியகாந்தி எண்ணெயில் லினோலெனிக் கிடையாது என்றே சொல்லலாம், லினோலீக் என்ற வேறோர் அமிலம்தான் அதிகம், சுமார் 60 சதவீதம். லினோலீக் 7 உள்ள நல்ல எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 17, 18 வரும். அனுமதி 21 வரை! 'பாஸ்' முத்திரை விழுந்துவிடும். அதனால் முத்திரையை விட்டுவிட்டு எண்ணைப் படியுங்கள். ஜைத்தூனின் முக்கிய அமிலமான ஒலீக் அதிகமுள்ள புதுரக சூரியகாந்தி இன்னும் மோசம். அதன் ஒலீக் அளவு ஜைத்தூனைப் போலவே இருக்கும், இந்தப் பரிசோதனையில் நன்றாகவே ஒளிந்துகொள்ளும். அதற்கு, எண்ணெய்க்கு எண்ணெய் மாறுபடும் ஸ்டெரால் என்ற பொருள்களைப் பார்க்கும் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள்.

2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவில் வாங்கியவரே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். ஆனால் 'பரிசோதிக்கப் போகிறேன்' என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டுமாம்! சொன்ன பிறகு எந்தக் கலப்படக்காரன் அந்த டின்னை எடுத்துக் கொடுப்பான்? இந்த விதியை மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

'நானே லேபுக்குக் கொண்டுபோகிறேன்' என்று வரும் ஆளிடம் சாம்பிளைக் கொடுக்காதீர்கள். காய்ந்த கறுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமுள்ள லேபுக்கு நீங்களே கூரியர் போடுங்கள். முகடுகள் உள்ள வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். ராமநாதபுரத்தில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

1981-இல் ஸ்பெயினில் ஆலிவ் என்று தெருத்தெருவாக விற்ற எண்ணெய், தொழிற்சாலைக்கென ரசாயனம் சேர்த்த ரேப்சீட் (கடுகு இனத்தைச் சேர்ந்த விதை) எண்ணெய். சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். ரிப்போர்ட் வரும்வரை அந்த டின்னிலிருந்து சமைக்க வேண்டாம், பிள்ளைக்குத் தேய்க்கவும் வேண்டாம்.