டீச்சரிடம் கேளுங்கள்: ஸ்விட்சைப் போட்டதும் வந்து நின்ற பேசிக்

(பதில் சொல்பவர் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் அந்தப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைச் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான்.)

டீச்சர், பழைய கம்ப்யூட்டர்களில் புரோகிராம் எழுதும் பேசிக் மொழி ‘உள்ளேயே இருந்தது’ என்கிறார்களே, நாங்கள் பைத்தானை டவுன்லோட் செய்துகொள்வது மாதிரியா?
– கல்லூரி மாணவி, திருமங்கலம்

இல்லையம்மா. எங்கிருந்தும் இறக்க வேண்டியதே இல்லை. எங்கள் பள்ளிக்கு வந்தது பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தில் ஏகார்ன் கம்பெனி 1981 கடைசியில் கொண்டுவந்த மெஷின். 1984-ல் மத்திய அரசு ஆரம்பித்த ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். ஸ்விட்சைப் போட்டால் ஒரு சின்னச் சத்தம். திரையில் இரண்டு மூன்று வரி, அதற்குக் கீழே ஒரு அம்புக்குறி. ‘என்ன செய்யட்டும், சொல்’ என்று அது காத்துக்கொண்டிருக்கும்.

அழிக்க முடியாத ரோம் சில்லில் 16 கிலோபைட்டுக்குள் மொத்த பேசிக் மொழியும் இருந்தது. நாம் எழுதுவதற்கு ரேம் 32 கிலோபைட். திரைக்கும் அதிலிருந்துதான் பங்கு போகும். ஹார்ட் டிஸ்க் கிடையாது. பாட்டுக் கேட்கிற சாதாரண டேப் ரெக்கார்டரில்தான் புரோகிராமைப் பதிந்து வைப்போம். மெஷின் டேப்பைப் படிக்கும்போது புரோகிராமின் ஒரு துண்டு சரியாக வரவில்லை என்றால், டேப்பைப் பின்னால் சுற்றச் சொல்லித் திரையிலேயே செய்தி வரும். சுற்றிவிட்டு, அந்தத் துண்டை மட்டும் மறுபடி படிக்க வைக்கலாம்.

அந்தக் காலத்தில் வீட்டு மெஷின்கள் பலவும் இப்படித்தான். கமடோர் 64-ல் மைக்ரோசாஃப்ட் எழுதிய பேசிக். சின்கிளேர் ஸ்பெக்ட்ரமில் ‘பி’ கீயை ஒரு தடவை தட்டினால் ‘பிரிண்ட்’ என்று முழுச் சொல்லும் வந்து விழும். விளையாட்டைத் தொடங்குவதற்கும் பேசிக்கில் ஒரு கட்டளை அடித்தாக வேண்டும். அதனால் புரோகிராம் எழுதுவது தனிப் பாடம் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தோன்றவே இல்லை. மெஷினைத் தொட்டாலே அதுதான் வேலை.

என் அண்ணனின் பழைய நோட்டில் எல்லா வரிக்கும் 10, 20, 30 என்று எண் போட்டிருக்கிறது. ஏன் 1, 2, 3 என்று போடவில்லை?
– வாசகர், மேலூர்

நடுவில் ஒரு வரி மறந்துபோனால் 15 என்று போட்டு அடிக்கலாம். மெஷின் அதை 10-க்கும் 20-க்கும் நடுவில் தானே சேர்த்துக்கொள்ளும். வெறும் எண்ணை மட்டும் அடித்தால் அந்த வரி அழிந்துவிடும். பேசிக் 1964-ல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்தது. கெமெனி, கர்ட்ஸ் என்று இரண்டு கணக்குப் பேராசிரியர்கள் உருவாக்கினார்கள். அப்போது காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப்பில்தான் வேலை. திரையே இல்லாத இடத்தில் ஒரு வரியைத் திருத்த எண்தான் பிடி.

அண்ணன் நோட்டில் ‘ஓல்ட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுவும் பிபிசி நோட்டாக இருக்கலாம். அந்தக் கீபோர்டில் மேல் வரிசையின் வலது கோடியில் ‘பிரேக்’ கீ இருக்கும். அரை நாள் உட்கார்ந்து அடித்த புரோகிராமை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் கை பட்டுத் தொலைத்துவிட்டான். ‘லிஸ்ட்’ போட்டுப் பார்த்தால் ஒரு வரி கூட இல்லை. அழுதே விட்டான். பக்கத்தில் போய் ‘ஓல்ட்’ என்று அடித்தேன், அத்தனை வரியும் திரும்பி வந்தன. புரோகிராம் ரேமிலேயேதான் கிடந்தது, ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று ஆரம்பத்தில் ஒரு அடையாளம் மட்டும் விழுந்திருந்தது. ஆனால் கரண்ட் போனால் ஓல்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. மதுரைப் பக்கத்துக் கரண்டை நம்பிப் பாடம் நடத்தியவள் நான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டேப்பில் பதியச் சொல்வேன்.

பேசிக் படித்தவர்களுக்கு, வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் ‘கோட்டூ’ கட்டளை பழகி மூளையே கெட்டுப்போகும் என்று பெரிய அறிஞர்களே சொன்னார்களாமே?
– பொறியியல் மாணவர், உசிலம்பட்டி

டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவைச் சொல்கிறீர்கள். கோட்டூவுக்கு எதிராக 1968-ல் அவர் எழுதியது நியாயம்தான். கண்டபடி தாவும் புரோகிராமை எழுதியவராலேயே ஒரு மாதம் கழித்துப் படிக்க முடியாது. ஆனால் எல்லா பேசிக்கும் ஒன்றல்ல, தம்பி. ஏகார்ன் கம்பெனியில் இருந்த சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக்கில் ஒரு வேலைக்குப் பெயர் வைத்துத் தனியாக எழுதி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ‘ரிப்பீட்’, ‘அன்டில்’ உண்டு. நான் முதல் மாதம் கோட்டூவைக் காட்டவே மாட்டேன், என் பிள்ளைகளுக்கு அது தேவையும் படவில்லை. இன்னொன்று: அதே வில்சன்தான் பின்னால் ஆர்ம் பிராசசருக்கு, அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சில்லுக்கு, கட்டளைத் தொகுதி வகுத்தார். அந்தச் சில்லு எப்படி நடக்கும் என்று முதலில் பிபிசி பேசிக்கிலேயே எழுதி ஓட்டிப் பார்த்தார். உங்கள் போனில் ஓடுவது அந்த ஆர்ம் வம்சம்தான்.

அந்த மெஷினில் தமிழ் எழுத முடிந்ததா, டீச்சர்?
– தமிழாசிரியை, சோழவந்தான்

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்! தமிழ் எழுத்து அதில் கிடையாது. ஆனால் ‘விடியூ 23’ என்ற கட்டளையால் நாமே எழுத்து செய்யலாம். எட்டுக்கு எட்டு கட்டம். ஒரு வரிசையில் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எந்தக் கட்டத்தில் புள்ளி வேண்டுமோ அந்த எண்களைக் கூட்டினால் அந்த வரிசைக்கு ஒரு எண் கிடைக்கும். ‘ப’ சுலபம். இரண்டு தூணும் ஒரு தரையும்தானே! 64-ம் 2-ம் சேர்ந்து 66. அதை ஆறு தடவை போட்டு, தரைக்கு 126, கடைசி வரிசைக்கு 0. வலது தூணை எடுத்துவிட்டு 66 வரும் இடத்தில் 64 போட்டால் ‘ட’.

பிள்ளைகள் கிராஃப் நோட்டில் பென்சிலால் கட்டம் நிரப்பிக் கொண்டுவந்தார்கள். ‘ண’ ஒரு கட்டத்துக்குள் அடங்கவே இல்லை. மூன்று சுழியையும் நெருக்கினால் கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்தது. ஒரு பெண் அதை இரண்டாக வெட்டி, இரண்டு எழுத்தாகச் செய்து ஒட்டிவிட்டாள். அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. இப்படிச் செய்ய 32 இடம்தான் தாராளமாகக் கிடைக்கும், நமக்கோ 247 எழுத்து. அதனால் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அரை நாளில் ‘மதுரை’ என்று திரையில் வந்தபோது அந்த அறையில் எழுந்த சத்தத்தைக் கேட்டுத் தலைமையாசிரியர் ஓடி வந்தார். அவரையும் உட்காரவைத்து, அவர் பெயரின் முதல் எழுத்தை அவர் கையாலேயே கட்டத்தில் போட வைத்தோம். தமிழ் வகுப்பில் எழுத்தின் வடிவத்தை இவ்வளவு உற்றுப் பார்த்திருப்பார்களா என்று தெரியாது. தப்பாக நினைக்காதீர்கள் டீச்சர், நீங்களும் ஒரு கிராஃப் தாளை வகுப்பில் கொடுத்துப் பாருங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. இன்றைக்கு பேசிக்கை வைத்து ஆரம்பிக்கலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

தாராளமாக. பிபிசி பேசிக் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும் வடிவத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருந்தால் அதில் ரிஸ்க் ஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், பேசிக் அதற்குள்ளேயே வரும். முதல் நாள் ஏழாம் வாய்ப்பாட்டை அச்சடிக்கும் புரோகிராமை நீங்கள் அடித்துக் காட்டுங்கள், மூன்று வரி போதும். அடுத்த நாள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். ஏழாம் வாய்ப்பாட்டை எட்டாம் வாய்ப்பாடாக்க எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று அவளே தேடட்டும். பிழை என்று மெஷின் சொன்னால் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் போய்த் திருத்திக் கொடுக்காதீர்கள்.