குழந்தையோடு காட்டுக்குப் போகலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. எங்களுக்கு கொழிஞ்சாம்பாறை. பாப்பாவுக்கு நாலு வயசு. டிசம்பர் லீவில் மாமனார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு பரம்பிக்குளம் சஃபாரி போகலாம் என்கிறார் வீட்டுக்காரர். நாத்தனாரோ, "சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு காட்டுக்கா? தேக்கடி படகு போதும்" என்கிறார். இதற்கிடையில் எல்லோரும் சேர்ந்து பாப்பாவிடம் புலி காட்டுகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கே போவது?

பதில்: முதலில் அந்தப் புலிப் பேச்சை இன்றைக்கே வாபஸ் வாங்குங்கள். பரம்பிக்குளம் 2010இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடுதான், புலியும் இருக்கிறது, ஆனால் சஃபாரி பஸ்ஸில் ஒரு தடவை போய்வருகிறவர் கண்ணில் அது படுவது அபூர்வம். புலி வரவில்லை என்றால் பெரியவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதோடு சரி. பாப்பா அழுகிற அழுகை பஸ் முழுக்கக் கேட்கும். "மான் பார்க்கப் போகிறோம், காட்டு மாடு பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். புள்ளிமான், போகிற வழியில் வரும் டாப்ஸ்லிப் புல்வெளியிலேயே மேயும். காட்டு மாடு பரம்பிக்குளத்தில் பல நேரம் ரோட்டோரமாகவே நிற்கும். உடம்பு கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. இதை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டால் வழியெல்லாம் அந்த வெள்ளைக் காலைத் தேடுகிற வேலை அவளுக்கு, உங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி.

எங்கே என்று கேட்டால், உங்கள் ஊருக்கு நான் பரம்பிக்குளம்தான் சொல்வேன். தேக்கடி நல்ல இடம், அதில் சந்தேகமில்லை, ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தேனி, கம்பம் சுற்றிக் குமுளி மலையேறுவதற்குள் குழந்தை களைத்துவிடும். படகில் ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தது உங்கள் நாத்தனாருக்கும் நினைவிருக்கும். மிருகத்தைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கமாக நகர்ந்ததும் ஒரு காரணம் என்று அப்போது பேசப்பட்டது. அதற்குப் பிறகு கெடுபிடி நிறைய வந்திருக்கிறது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் "அம்மா, ஆனை" என்று இருக்கையை விட்டு எழுந்து ஓடுகிற வயசு இது. ஆறேழு வயசானதும் போங்கள், ரசிப்பாள்.

பரம்பிக்குளம் உங்கள் பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் காரில் போக தமிழ்நாட்டு வழி தவிர வேறு வழியில்லை. கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்ஸ்லிப், கடைசியில் ஆனப்பாடி. சேத்துமடையில் தமிழ்நாட்டு வனத்துறைக்கு ஒரு கட்டணம், ஆனப்பாடியில் கேரளத்துக்கு இன்னொன்று. சொந்த மாவட்டத்துக்குப் போக வெளி மாநிலத்தில் டிக்கெட் எடுக்கிற ஆட்கள் நாம்தான் போல! சேத்துமடை செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக்கைச் சோதிப்பார்கள், அதனால் பாப்பாவுக்குத் தண்ணீர், பால் எல்லாம் எவர்சில்வர் பாட்டிலில் இருக்கட்டும், சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் போட்டுவிடுங்கள்.

ஆனப்பாடியில் காரை நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏற வேண்டும், கூடவே வழிகாட்டி ஒருவர் வருவார், பெரும்பாலும் அந்தக் காட்டுப் பழங்குடி மக்களில் ஒருவராகத்தான் இருப்பார். நீங்கள் காணாததை அவர் கண் காணும், அவர் பக்கத்து சீட்டுக்கு முயற்சி செய்யுங்கள். சுற்றிவர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரச்சினை மிருகம் இல்லை, ஒன்றுக்குப் போவதுதான். நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தமாட்டார்கள், நிறுத்தவும் கூடாது. ஏறுவதற்கு முன் ஆனப்பாடியிலேயே பாத்ரூம் கூட்டிப்போய்விடுங்கள், அவள் வேண்டாம் என்றாலும். மாமனார், மாமியாருக்கும் அதே விதிதான். மாற்று உடுப்பு ஒரு செட் மடியில் இருக்கட்டும், கார் டிக்கியில் வைத்த பையால் பஸ்ஸுக்குள் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வாந்தி விஷயம். இரண்டு வயசுக்குக் கீழே பெரும்பாலும் வராது, நாலு வயசிலிருந்து பத்துப் பன்னிரண்டு வரைதான் இந்தத் தொல்லை அதிகம். வெறும் வயிற்றோடும் வேண்டாம், நெய்ப்பொங்கலும் வேண்டாம், இட்லி இரண்டு போதும். செல்போனைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், குனிந்து திரையைப் பார்க்கிற குழந்தைக்குத்தான் முதலில் குமட்டும். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் உங்கள் குழந்தை டாக்டரைக் கேட்டு மட்டும்.

கன்னிமாரா தேக்கு மரத்தடியில் இறக்கிவிடுவார்கள். நானூறு வருஷத்துக்கு மேலான மரம் என்கிறார்கள், சுற்றளவு ஏழு மீட்டருக்குப் பக்கம். குடும்பமே கைகோத்து நின்றாலும் மரத்தைச் சுற்றி வளைப்பது கஷ்டம், பாப்பாவின் கையையும் சேர்த்துப் பாருங்கள். அணை பக்கம் இறங்கும்போது அவள் கையில் தின்பண்டம் இருக்கக் கூடாது. குரங்கு பிடுங்கும்போது நகம் பட்டாலே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு வெறிநாய்க்கடி ஊசிக்கு ஓட வேண்டும், டூர் அதோடு முடிந்தது.

டிசம்பர் நல்ல தேர்வு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அட்டை, மார்ச் ஆனால் காட்டுத்தீ பயம். காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், மிருகமும் அப்போதுதான் நடமாடும், பாப்பாவும் தூக்கம் வருவதற்குள் திரும்பிவிடலாம். டாப்ஸ்லிப் பக்கம் கோழிகமுத்தி யானை முகாமுக்கு அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். 2023இல் ஓய்வு கொடுக்கப்பட்ட கலீம் என்ற கும்கி யானை இருந்த முகாம் அது. என்னைக் கேட்டால் நாலு வயசுக்கு மொத்த சஃபாரியையும் விட, பக்கத்தில் நின்று யானை கவளம் தின்பதைப் பார்ப்பதே பெரிசு.

கேள்வி: அக்கா, நான் மூணாறு. அண்ணன் நைரோபியில் இருக்கிறார், ஆகஸ்டில் வரச் சொல்கிறார். பையனுக்கு அஞ்சு வயசு. மசாய் மாரா போகலாமா?

பதில்: போகலாம் தம்பி, ஆனால் முதல் வேலை டிக்கெட் இல்லை, மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யாவிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஒன்பது மாதம் முடிந்த குழந்தைக்குப் போடலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். மலேரியா மாத்திரை எடைக்கு ஏற்ப மாறும், டாக்டரைப் பாருங்கள்.

ஆகஸ்டில் மாராவில் வரையாடு கூட்டம் மாதிரி இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனம்தான். ஆனால் நைரோபியிலிருந்து காரில் போனால் ஐந்தாறு மணி நேரம், கடைசிப் பகுதி குலுக்கி எடுத்துவிடும். கையில் காசு இருந்தால் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானம், முக்கால் மணி நேரம்தான். சில கேம்ப்களில் சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, புக் செய்யும்போதே வயசைச் சொல்லிவிடுங்கள். விடிகாலையில் ஜீப் கிளம்பும்போது நல்ல குளிர் இருக்கும், பையனுடைய மூணாறு ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாராவுக்கு முன்னால் நைரோபி தேசியப் பூங்காவில் ஒரு அரை நாள் பழக்கிப் பாருங்கள். நகரத்தை ஒட்டியே இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் மாடிக் கட்டிடங்கள் தெரியும். சிங்கம், காண்டாமிருகம் உண்டு, யானை மட்டும் கிடையாது. யானைக்கு, அதன் பக்கத்திலேயே ஷெல்ட்ரிக் யானைக்குட்டி இல்லம் இருக்கிறது. காலை 11 மணிக்கு ஒரு மணி நேரம், குட்டிகள் பாட்டிலில் பால் குடிக்கும். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். அரை நாளிலேயே பையன் ஜன்னலை விட்டுத் திரும்பி "வீட்டுக்குப் போகலாம்" என்றால், மாராவை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். அண்ணன் எங்கே போகப் போகிறார்!

கேள்வி: ஆரியங்காவு வாசகர். மூன்று வயசுப் பேரனுக்குப் புலியை நேரில் பார்த்தே ஆக வேண்டுமாம். என்ன செய்யட்டும்?

பதில்: திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போங்கள் ஐயா. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.