நரிமணத்து எண்ணெய், மன்னார்குடி பங்க்

கேள்வி: நரிமணத்தில் நம் மண்ணிலிருந்தே கச்சா எண்ணெய் எடுக்கிறார்கள். உலகச் சந்தையில் விலை விழுந்தபோதுகூட இங்கே பெட்ரோல் பங்கில் குறையவில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: நரிமணத்து எண்ணெய்க்கும் உலகச் சந்தையை ஒட்டித்தான் விலை. நாட்டின் தேவையில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. எங்கோ போர் வந்தால் இங்கே ஏறுவது புரிகிறது. இறங்கும்போது ஏன் இறங்கவில்லை என்று கேட்டீர்களே, அதற்குத்தான் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்கு விழுந்தது. மே மாதம் ஒன்றிய அரசு ஒரே இரவில் பெட்ரோல் மீதான வரியை 10 ரூபாயும், டீசல் மீதான வரியை 13 ரூபாயும் ஏற்றியது. அதோடு லிட்டர் பெட்ரோலில் கலால் வரி மட்டும் 32.98 ரூபாய் ஆனது. 2014 தொடக்கத்தில் அது 9.48 ரூபாய்தான். நமக்கு வர வேண்டிய விலைக்குறைப்பு அப்படியே கஜானாவுக்குப் போனது. அதிலும் பெரும்பகுதி செஸ் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் வரி), கூடுதல் வரி என்ற பெயரில் வசூலானது. அந்தப் பெயரில் வாங்கினால் மாநிலங்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை.

2017 ஜூனிலிருந்து எண்ணெய் நிறுவனங்களே தினமும் விலையை மாற்றுகின்றன, அரசுக்குச் சம்பந்தமில்லை என்பார்கள். சரி, 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை விலை அசையவே இல்லையே, எப்படி? அப்போது உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உட்பட ஐந்து மாநிலங்களில் தேர்தல். நடுவில் உக்ரைன் போர் வந்து கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியும் பங்கில் மாற்றமில்லை. மார்ச் 10இல் தேர்தல் முடிவு, 22இல் ஏற்றம். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய 10 ரூபாய்! 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்தார்கள். ஓரிரு நாளில் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு வந்தது.

மாநில அரசையும் விட முடியாது. நாகூர்க்காரர்கள் வாஞ்சூர் எல்லையைத் தாண்டிக் காரைக்காலில் பெட்ரோல் போட்டுவருவது அங்கே வரி குறைவு என்பதால்தான். 2021 தேர்தல் அறிக்கையில் திமுக பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்றது. ஆட்சிக்கு வந்ததும் ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. டீசலைத் தொடவில்லை. டெல்டாவில் உழவு டிராக்டர், அறுப்பு மிஷின், நாகப்பட்டினத்து விசைப்படகு எல்லாம் ஓடுவது டீசலில். டீசல் ஏறினால் மிஷின் வாடகை அந்த அறுப்பிலேயே ஏறிவிடும்; நெல்லுக்கான அரசு கொள்முதல் விலையோ வருஷத்துக்கு ஒருமுறைதான் மாறும். பெட்ரோலில் தந்த அந்த 3 ரூபாயை டீசலில் தந்திருந்தால் இதே பக்கத்தில் மனமாரப் பாராட்டி எழுதியிருப்பேன்.